பிளாஸ்க்கில் இருந்த கொத்தமல்லி

எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். கீழ்மாடிக்காரர் கட்டு அனோதா என்கிற முள்ளுச் சீத்தா இலையைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி வந்து எங்கள் கதவுப் பிடியில் தொங்கவிட்டார். கனடாவில் இருக்கும் ஒரு சித்தி, தேசிக்காயைக் கொதிதண்ணீரில் வெட்டிப் போட்டால் கீமோவே தேவையில்லை என்று ஒரு வீடியோ அனுப்பினார். பார்த்தாயா, பார்த்தாயா என்று மூன்று தரம் கேட்டும் எழுதினார். பின்னர் முடி கொட்டத் தொடங்கியபோது, மரக்கறி வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு மனுசி என் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, பச்சை மஞ்சளைக் கடித்துச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன்: "ஓம், பாப்பம்."

உண்மையில் நான் அப்படித் தலையாட்டிக்கொண்டு போகிற ஆள் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, வலைப்பந்துத் திடலில் கத்திக் கத்தியே தொண்டையை வளர்த்தவள். மணமுடித்து வெள்ளவத்தைக்கு வந்த நாளிலிருந்து என் புகுந்த வீட்டார் இதற்குக் "கொட்டாஞ்சேனை வாய்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் வருத்தம் பார்க்க, நோயாளியை விசாரிக்க வருகிறவர்களிடம் அந்த வாயைத் திறக்க மனம் வரவில்லை. பாவங்கள், அன்போடுதான் வருகிறார்கள். வருத்தம் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் தோடம்பழமும் பால்மாப் பேணியும் வந்தன, இப்போது இலையும் தூளும் வருகின்றன. எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கி, கதவைச் சாத்தியதும் குப்பைவாளியில் போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊரையே ஏமாற்றலாம், என்னை ஏமாற்ற ஏலாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. மிச்சமிருந்தது கீமோ. எங்கள் கிளினிக்கில் இருந்த டொக்டர் ஒரு இளம் சிங்களப் பிள்ளை. என் பழைய மாணவிகளில் ஒருத்தி என்று சொன்னால் நம்பிவிடலாம், அந்த வயது. எல்லோரையும் போல நானும் அவரை "மிஸ்" என்று கூப்பிட்டேன். அவர் என்னை "டீச்சர்" என்றார். முதல் நாளே சிங்களத்தில் மிகத் தெளிவாகச் சொன்னார்: "உங்களுக்கு வந்திருக்கிற வகைக்கு இந்த மருந்துதான் நன்றாக வேலை செய்யும். ஆனால் பாதியில் விடக்கூடாது. முழுவதையும் ஏற்றி முடிக்க வேண்டும், டீச்சர்." எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. ஓட்டப் போட்டியில் கோட்டைத் தொடாமல் நிற்கிற பிள்ளையை நான் எப்போது விட்டிருக்கிறேன்? முடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டது மச்சாள். என் கணவரின் அக்கா. பல வருடங்களுக்கு முன் அவருடைய கணவரும் இதே நோயில், இதே ஆஸ்பத்திரியில்தான் இறந்துபோனார். அதற்குப் பிறகு மச்சாள் எங்களோடு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலை மட்டும் பிறகு மிதிக்கவே இல்லை. "நான் அங்கை வரமாட்டன், ஆனால் உம்மை இஞ்சை வைச்சுப் பாப்பன்" என்று சொல்லிவிட்டார். சொன்னபடி பார்த்தார். நான் ஓங்காளித்துச் சத்தி எடுத்தால் முதுகைத் தடவி, குழையலாகச் சோறு வடித்து, என் முடி கொட்டிய தலையணை உறையை எனக்குத் தெரியாமல் மாற்றி. பெற்ற தாய் பார்த்திருந்தாலும் இதைவிட நன்றாகப் பார்த்திருக்க முடியாது.

காலையில் எழுந்ததும் ஒரு கோப்பை கொத்தமல்லி தருவார். கிளினிக் நாட்களில் ஒரு பிளாஸ்க் நிறைய. வறுத்த கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணீர், வேறொன்றுமில்லை. கொழும்பில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் அதைக் குடித்துத்தான் வளர்கிறோம். தும்மினால் கொத்தமல்லி, தொண்டை கரகரத்தால் கொத்தமல்லி, மழையில் நனைந்து வந்தால் கொத்தமல்லி. என் கணவருக்கு அந்த வாசனையே ஆகாது, அவர் தேத்தண்ணீர்க்காரர். அதனால் பிளாஸ்க் முழுவதும் எனக்குத்தான்.

முதல் இரண்டு தடவை மருந்து ஏற்றியது சிக்கலில்லாமல் நடந்தது. மூன்றாவது தடவைக்குப் போனபோது டொக்டர் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஈரல் சரியில்லை. இந்த நிலையில் மருந்து ஏற்ற முடியாது, அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். அடுத்த வாரம் அது இன்னும் மோசமாக இருந்தது. அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. என் கண்ணின் வெள்ளை லேசாக மஞ்சளித்திருப்பதை நானே கண்ணாடியில் கண்டேன்.

"டீச்சர், வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா? ஆயுர்வேதம், தூள், இலை, அப்படி ஏதாவது?"

"ஒண்டுமில்லை மிஸ். வாற எல்லாத்தையும் குப்பையிலைதான் போடுறன்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். அப்போது பிளாஸ்க் என் மடியில் இருந்தது. அது என் நினைவுக்கே வரவில்லை. மருந்து என்றால் குளிசை, ஊசி, சூரணம். கொத்தமல்லியை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

டொக்டர் நான் சொன்னதை நம்பினார். நம்பியதால் அவருக்கு மிச்சமிருந்த விளக்கம் ஒன்றுதான். கீமோ மருந்தே என் ஈரலைத் தாக்குகிறது. "இப்படியே போனால் இந்த மருந்தை நிறுத்த வேண்டி வரும். வேறு ஒன்று இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இதுதான் நல்லது" என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்குத்தான் நான் முதன்முறையாகப் பயந்தேன். புற்றுநோய் என்று சொன்னபோது வந்தது கோபம். இது பயம். கையில் இருந்த ஒரே நல்ல ஆயுதத்தை என் சொந்த உடம்பே தட்டிவிடுகிறது என்று நினைக்க, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

முடிவு சொல்லுகிற நாள் வந்தது. அன்று கிளினிக்கில் சனமோ சனம். என் முறை வந்து உள்ளே போனபோது டொக்டருக்குக் காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. இதை எத்தனை வருடம் திடலில் பார்த்திருக்கிறேன். என் பயமெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, கை தானாகப் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றியது.

"முதல்லை இதைக் குடியுங்கோ மிஸ். பிறகு கதைப்பம்."

வேண்டாம் என்றார். பிள்ளைகளைப் பார்க்கிற பார்வையை ஒருதரம் பார்த்தேன். முகக்கவசத்தை இறக்கி ஒரு வாய் குடித்தார். குடித்தவரின் முகம் சுருங்கியது. பிறகு எழுந்து கை கழுவுகிற தொட்டியில் துப்பினார்.

"டீச்சர், இது கொத்தமல்லி இல்லையே!"

"கொத்தமல்லிதான் மிஸ்."

"என் அம்மா எனக்குத் தந்த கொத்தமல்லி எனக்குத் தெரியாதா? இது விஷம் மாதிரிக் கசக்கிறது. உங்களுக்குக் கசக்கவில்லையா?"

எனக்கு எல்லாமே கசந்தது. கீமோ தொடங்கியதிலிருந்து சோறு கசந்தது, வாழைப்பழம் கசந்தது, பச்சைத் தண்ணீரும் இரும்புக் கரண்டியை நக்கியது போல இருந்தது. கசப்பு மருந்தின் வேலை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி வந்திருக்கிறேன். அதை மெல்லச் சொன்னேன். டொக்டர் மூடியை முகர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். தொண்டை கட்டியிருந்தாலும் அடுத்து அவர் சொன்னது எனக்கு வடிவாகக் கேட்டது: "மருந்தை இன்றைக்கு மாற்றப் போவதில்லை. இதை நிறுத்துங்கள். வீட்டில் யார் இதை அவிக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு இரத்தம் எடுப்போம்."

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய் பிளாஸ்க்கை மேசையில் வைத்தேன். "இதுக்குள்ளை என்ன போட்டனீங்கள் மச்சாள்?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பழைய ஜாம் போத்தலை எடுத்து வைத்தார். பாதிவரை மண்ணிறத் தூள்.

"உமக்கு நல்லதுக்குத்தான் போட்டனான். கொட்டாஞ்சேனையிலை ஒரு ஐயா. எத்தனையோ பேருக்குச் சுகப்படுத்தினவராம். வருத்தக்காரருக்குச் சொல்லக்கூடாது, டொக்டர்மாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் வேலை செய்யாது எண்டவர்."

செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கம் அந்தோனியார் கோவிலுக்குப் போகிறேன் என்று அவர் வெளிக்கிட்டுப் போனது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தோனியாரிடமும் போயிருக்கிறார், மெழுகுதிரி கொளுத்திய கையோடு அங்கிருந்து இவனிடமும் போயிருக்கிறார். என் கொட்டாஞ்சேனை வாய் முழுதாகத் திறந்துகொண்டது. என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை, மேல்மாடியில் ரேடியோவை நிறுத்திக் கேட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.  நான் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில் மச்சாள் சொன்னார்:

"உங்கடை மனுசனை முதலே என்னட்டைக் கொண்டு வந்திருந்தால் இண்டைக்கு இருந்திருப்பார் எண்டு அந்த ஐயா சொன்னவர். அவரைத்தான் சாகவிட்டிட்டன். உம்மையும் விடச் சொல்லுறீரோ?"

என் கோபம் அங்கேயே திசை மாறியது. அந்த ஐயா என் ஈரலைக் கெடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. கணவனைப் பறிகொடுத்த ஒரு மனுசியிடம் போய், நீதான் அவரைச் சாகவிட்டாய் என்று சொல்லி, அந்தக் குற்றவுணர்வுக்குத் தூள் விற்றிருக்கிறான். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மச்சாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரும் அழுதோம். பிறகு தேத்தண்ணீர் போட்டேன், நான்.

தூளை நிறுத்தியதும் ஈரல் மெல்ல மெல்லத் தேறி வந்தது. டொக்டர் கவனமானவர், தூள்தான் காரணம் என்று நூற்றுக்கு நூறு சொல்லமுடியாது, அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாதே என்றார். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்குப் போதும். மூன்றாவது தடவை மருந்து ஏறியது, பழைய மருந்தே. ஊசி குத்தும்போது இவ்வளவு சந்தோசப்பட்ட நோயாளியை அந்தத் தாதி கண்டிருக்கமாட்டார்.

ஆனால் மச்சாள் இன்னும் முழுதாக மாறவில்லை. எனக்கு எல்லாம் சரியாகிறது என்று கண்டார், சந்தோசப்பட்டார். அந்த ஐயா சொன்ன ஒரு வசனம் மட்டும் உள்ளே முள்ளாகக் கிடந்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். அதை நான் எடுத்துச் சொல்லி எடுக்க முடியாது, அவன் வாயாலேயே எடுக்கவேண்டும் என்று தோன்றியது. உடம்பு கொஞ்சம் தேறிய ஒரு செவ்வாய்க்கிழமை, "வாங்கோ மச்சாள், போத்திலைத் திருப்பிக் குடுப்பம். அவர் சொன்ன மாதிரியே தூளைப் போட்டு ஒரு பிளாஸ்க் அவியுங்கோ" என்றேன்.

நான் பிறந்து வளர்ந்த இடம் கொட்டாஞ்சேனை. ஒழுங்கைக்கு ஒழுங்கை என்னிடம் படித்தவர்கள் இருப்பார்கள். அவனுடைய அறை ஒரு கடைக்கு மேல்மாடியில். தாடியும் உருத்திராட்சமும் எதிர்பார்த்துப் போனேன். ஆளோ மழமழவென்று சவரம் செய்து, சட்டைப் பையில் பேனை குத்தி, காப்புறுதி முகவர் போல இருந்தான். சுவரில் சுகமானவர்களின் படங்கள். காத்திருக்கிற வாங்குப் பலகையில் ஆறேழு பேர். அதில் மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா, பக்கத்தில் மெலிந்துபோன கணவர்.

"இதுக்குள்ளை என்ன இருக்கு?" என்று போத்தலை வைத்தேன்.

"பரம்பரை இரகசியம் அம்மா. எல்லாம் இயற்கை மூலிகை. ஒரு பக்கவிளைவும் இல்லை."

"ஒண்டுமேயில்லையோ?"

"ஒண்டுமேயில்லை."

கையில் விசில் இல்லாத குறைக்கு இரண்டு கையையும் தட்டினேன். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பிளாஸ்க்கைத் திறந்து மூடி நிறைய ஊற்றி அவன் முன்னால் வைத்தேன். "அப்ப குடியுங்கோ."

சிரித்தான். "எனக்கு வருத்தமில்லையே அம்மா."

"கொத்தமல்லி குடிக்க வருத்தம் வேணுமோ?"

"இது சுகமான ஆக்கள் குடிக்கிறதில்லை. உடம்பு தாங்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியது. நான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு முன்னால், ஊரில் யாரோடும் சத்தம் போட்டுப் பேசியறியாத மச்சாள் முந்திக்கொண்டார்.

"சுகமான உடம்பு தாங்காததை வருத்தக்கார உடம்புக்குக் குடுக்கச் சொன்னீரோ தம்பி?"

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். மச்சாள் விடவில்லை. "என்ரை மனுசன் இருந்திருப்பார் எண்டு சொன்னீர். அவருக்கு எங்கை வருத்தம் எண்டு என்னட்டை ஒருக்காலாவது கேட்டனீரோ? ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்தனீரோ?"

 அவன் மேசையில் கிடந்த போனைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"கேக்கேல்லை" என்று மச்சாளே சொல்லிக்கொண்டார். யாருக்கோ சொல்வதுபோல இருந்தது. பிறகு எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மூடியை அவன் முன்னால் அப்படியே விட்டுவிட்டு நடந்தார். படியில் இறங்கும்போது அவருடைய முதுகு நிமிர்ந்திருந்தது. அவ்வளவு காலமாகக் கூனிக்கொண்டுதான் நடந்திருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

எல்லோரும் எழுந்து எங்கள் பின்னால் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். வரவில்லை. நாலைந்து பேர் அப்படியே இருந்தார்கள். ஆனால் படியின் அடியில் மாளிகாவத்தை அம்மா மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, நாங்க ஆஸ்பத்திரிய உட்டுட்டுத்தான் இங்க வந்த. திரும்பிப் போனா ஏசுவாங்களா?" ஏசினால் என்னிடம் சொல்லுங்கள், நான் ஏசுகிறேன் என்றேன். அடுத்த மாதம் ஆஸ்பத்திரி நடைபாதையில் அவர் தூரத்திலிருந்தே ஃபைலை உயர்த்திக் காட்டினார். பக்கத்தில் கணவர் நின்றார். அந்த மேல்மாடி அறையைப் பற்றி முறைப்பாடும் கொடுத்தோம். இப்போது அது பூட்டிக் கிடக்கிறது. ஆள் வேறெங்காவது திறந்திருப்பான், எனக்குத் தெரியும். நானும் இங்கேதான் இருக்கிறேன்.

கடைசித் தடவை மருந்து ஏற்றுகிற அன்று காலை மச்சாள் குசினியிலிருந்து கூப்பிட்டார். என் கண் முன்னால் கொத்தமல்லியை வறுத்தார், இஞ்சியைத் தட்டினார், அவித்தார். இரண்டு கோப்பையில் ஊற்றி முதலில் தான் குடித்தார். பிறகு பிளாஸ்க்கை நிரப்பி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"எங்கை மச்சாள்?"

"உம்மோடைதான்."

ஆஸ்பத்திரி வாசலில் என் கையை இறுக்கிப் பிடித்தார். உள்ளே வந்ததும் விட்டுவிட்டார். டொக்டரின் அறையில், யாரும் கேட்காமலே மூடியில் ஊற்றி நீட்டினார். டொக்டர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். ஒரே மூச்சில் குடித்து முடித்து, "இதுதான் கொத்தமல்லி!" என்று தமிழிலேயே சொன்னார். எங்கள் மூவருக்கும் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது.

கடைசித் துளி ஏறி முடிந்தது. முடித்தேன், கோட்டைத் தொட்டேன், பழைய மருந்தோடே தொட்டேன். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோது மச்சாளை வாங்கில் காணவில்லை. தேடினால், கிளினிக் வரிசையின் கடைசியில், புதிதாக வந்த ஒரு இளம் பெண்ணின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண், நான் வேறு மருந்து ஒன்றும் எடுப்பதில்லை அன்ரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது. மச்சாள் குரலை உயர்த்தினார். நடைபாதை முழுக்கக் கேட்டது, அசல் கொட்டாஞ்சேனை வாய்.

"நான் மருந்தைக் கேக்கேல்லைப் பிள்ளை. உந்தப் பிளாஸ்க்கைத் திறவும், ஒரு வாய் குடிச்சுப் பாப்பம்."